சுணை என்று நினைத்தோம்

என் தங்கைக்கு இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் சம்பா அறுவடை நடந்த வாரம், அவள் வலது தோளை வெடுக் வெடுக்கென்று உயர்த்த ஆரம்பித்தாள். கூடவே தொண்டையில் ஓயாத செருமல்.

மெஷின் அறுத்துக் கொட்டும் நெல்லை அள்ளிப் போடும்போது, சாக்கின் வாயை விரித்துப் பிடிப்பது அவள் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நெல்லுச் சுணை, உமியிலிருந்து பறக்கும் அந்த மெல்லிய முள்தூசி, பட்டால் எவருக்கும் உடம்பு அரிக்கும், தொண்டை கரகரக்கும். அதனால் நாங்கள் யோசிக்கவே இல்லை. அம்மா வெந்நீரில் குளிப்பாட்டி உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவினாள். களத்துப் பக்கமே வரக்கூடாது என்று நான் கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டே இருந்தாள்.

அறுவடை முடிந்தும் தோள் நிற்கவில்லை. சுணை இல்லையென்றால் சேட்டைதான் என்று நானே தீர்ப்பெழுதினேன். எனக்கு முன்கோபம் வேறு. உறவினர்கள் வந்திருந்த ஒரு மதியம், சாப்பிடும்போது அவள் விடாமல் செருமினாள்.

"நிறுத்துறியா இல்லையா?" என்று கத்திக்கொண்டே அந்தத் தோளில் ஓங்கி அடித்தேன்.

"தானா வருதுண்ணே," என்றாள்.

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அன்று என் காதில் ஏறவில்லை.

சில மாதம் கழித்துத்தான் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இப்படி உடம்பு தன்னால வெட்டி இழுக்கறது, செருமுறது, இதை டிக்ஸ்னு சொல்லுவோம்ங்க. இந்தப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு வரும். வேணும்னு செய்யறதில்ல. திட்டத் திட்ட அதிகமாகும். கண்டுக்காம விட்டுடுங்க," என்றார் அவர். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம், "இனிமே அண்ணன் திட்டமாட்டேன்மா. அது பாட்டுக்கு வரட்டும்," என்றேன். தலையாட்டினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

ஒரு வருடமாகிறது. என் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறாள். அங்கே சுவரோரம் நின்று வேகவேகமாகச் செருமுகிறாள், தோளை உதறுகிறாள். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "எல்லாம் முடிஞ்சிடுச்சுண்ணே," என்கிறாள்.

முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்குகிறாள். கண்ணில் நீர் கட்டுகிறது. அவள் நிம்மதியாகச் செருமட்டும் என்று நான்தான் எழுந்து வெளியே போகிறேன்.