காலெரிச்சலும் வயிற்றெரிச்சலும்

தோட்டத்துக் கங்காணிக்கு வாய்தான் மூலதனம் என்பார்கள். ரப்பர் நிரையில் ஒரு நாள் நடந்து பார்த்தால் கால்தான் என்று தெரியும். பாதம் எரிகிற அன்பர்களே, மலாயாவில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம் நான் பட்டதை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

ஒற்றைச் செருப்பு

முதலில் பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. பிறகு கணுக்கால் வரை எரிச்சல். அதற்கும் பிறகு உணர்ச்சியே போய்விட்டது. ஒரு நாள் காலைப் பெரட்டில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். பால் மரம் சீவுகிற அஞ்சலை பணிவாகத்தான் கேட்டாள்: "கங்காணியாரே, இந்த வாட்டி ஒரு காலுக்கு மட்டுந்தான் செருப்பு வாங்குனீங்களா?"

மருதையின் கால்

இன்னொரு கங்காணி மருதை, என்னைவிட இளையவன். வெறுங்காலோடு மலைச்சரிவில் ஏறுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் காலில் ஒரு முள்ளாவது தைக்கக் கூடாதா என்று மாரியம்மனிடமே கேட்டிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மலைக்காட்டுக்குப் பெரிய கங்காணி போடப்போகிறார்கள் என்றார் துரை. எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வேலை. எங்கள் இருவரையும் உச்சி வரை நடக்கவிட்டுப் பார்த்தார். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை மருதைக்குப் போயிற்று. காலுக்கு என்னதான் பூசுகிறாய் என்று அவனிடம் கேட்டேன். "காலுக்கு என்னத்தண்ணே பூசறது? அது பாட்டுக்கு நடக்குது."

கிராணி வீட்டுச் சோறு

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஆட்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கிற புழுங்கலரிசியை நான் தொடுவதில்லை. ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டு இலையில் சோறு வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, சீனர் கடையில் தீட்டிய அரிசிதான். டிரஸ்ஸர் தலையில் அடித்துக்கொண்டார். "தவிட்டோட சத்தும் போயிருச்சு கங்காணி. கிராணி கறி, முட்டைன்னு சேர்த்துக்கறாரு. லயத்துல புழுங்கல் திங்கறவன் ஒருத்தனுக்கும் இந்த வியாதி இல்ல; போட்டிக்குத் தின்ன உங்களுக்குத்தான்."

வேப்பெண்ணெய்

அன்றே புழுங்கலுக்கு மாறினேன். மிச்சமிருந்த வெள்ளரிசி மூட்டையை மருதையின் மனைவி ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனாள். பெரிய கங்காணி வீடாயிற்றே. அதன்பிறகு அவர்களும் கடையரிசிதான். நான் வாயைத் திறக்கவில்லை.

என் கால் தேறியது. சில மாதம் கழித்து மருதை கணுக்காலைத் தேய்த்தபடி வந்து, உங்களுக்கு எப்படிச் சரியாயிற்று என்று கேட்டான். வேப்பெண்ணெய் என்றேன். நாலாம் நாள் பெரட்டுக்கு எண்ணெய் நாற்றத்தோடு வந்து நின்றான். பெரிய கங்காணி ஆனபிறகு செருப்புப் போட ஆரம்பித்திருந்தான்; அன்று காலில் ஒற்றைச் செருப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே அரை மூட்டைப் புழுங்கலை நானே சுமந்துபோய் அவன் வாசலில் இறக்கினேன். டிரஸ்ஸர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மருதை அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டையிலேயே போட்டான். "லயத்து அரிசியாச்சேண்ணே இது. வேலை கைவிட்டுப் போன வயித்தெரிச்சல்லதானே சொல்றீங்க?"

காலெரிச்சல் புழுங்கலில் தீர்ந்துவிட்டது. வயிற்றெரிச்சல்காரன் சொன்னால் உண்மைகூட எடுபடாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.