பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக் கோடுகள்

அப்பாவின் தங்கை, என் மாமி, பாரிஸின் லா சப்பலில் வட்டார மன்ற உறுப்பினராகத் தெரிவானபோது எனக்கு எட்டு வயது. இனி மாமி கைகாட்டினால் மெற்றோ ரயிலே நிற்கும் என்று வகுப்பில் சொல்லிவைத்தேன். மாமியோ பழையபடி சீலைக் கடைக்கு வேலைக்குப் போனார். ரூ பெர்தொனே தெருவில் ஆட்கள் மறித்து நீட்டும் கடிதங்களை நின்றபடியே வாசித்து, எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். பதவி என்பது இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே மரக்கறி வான்கள் நின்று சாமான் இறக்கும். ஒருநாள் காலை, வானுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட என்னை ஒரு மோட்டார்சைக்கிள் உரசிக்கொண்டு போனது. முழங்கால் தேய்ந்ததோடு தப்பினேன். வான்களை அங்கிருந்து அகற்றிப் பாதசாரிகள் கடக்க வெள்ளைக் கோட்டுக் கடவை போடும்படி மன்றத்தில் கேட்கப்போவதாக மாமி சொன்னார். அந்த வான்களில் ஒன்று அப்பாவின் கடைக்கு வருவது.

"பெட்டியளை அவ்வளவு தூரம் ஆர் சுமக்கிறது? வீடு வீடா உனக்கு நோட்டீஸ் குடுத்ததுக்கு இதுவோ கைம்மாறு?" என்றார் அப்பா.

"உங்கடை பிள்ளையும் அந்த ரோட்டைத்தானே கடக்கிறாள், அண்ணை."

அப்பா எழுந்து கடைக்குப் போனார். கட்டளை போட்டால் முடிந்ததுதானே என்று நான் மாமியைக் கேட்டேன்.

"நான் கட்டளை போடுற ஆளில்லை, குஞ்சு. மன்றம் ஓமெண்டால், நகரசபையிட்டைக் கேக்கலாம். திரும்பத் திரும்பக் கேக்கலாம்."

மன்றம் கூடிய பின்னேரம் அப்பா கடையை முன்னதாகவே பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பார்வையாளர் வரிசையில் இருந்தோம். மாமி தாளைப் பார்த்து வாசித்தார். இரண்டு வரிக்குப் பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பேசினார். கடைக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்லி வேறொருவர் எதிர்த்துப் பேசியபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் மன்றத்தின் தலைவியம்மா. நானும் கையை எட்டியவரை உயர்த்தினேன். அப்பா என் கையை இழுத்து இறக்குவார் என்று பார்த்தால், அவரும் உயர்த்தியிருந்தார். தலைவியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பார்வையாளர்களின் கைகள் கணக்கில் சேராது என்றார். மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் எண்ணி முடியும்வரை கையை இறக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்ததும் அப்பா எல்லோருக்கும் சுடச்சுட ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

"பெட்டி சுமக்கிற கரைச்சல் உங்களுக்குத்தானே, அண்ணை. பிறகேன் தூக்கினனீங்கள்?"

"நீ கேட்டனீ, தூக்கினன்."

எங்கள் இரண்டு கைகளால்தான் மாமி வென்றார் என்று அடுத்தநாள் வகுப்பில் பெருமையடித்தேன். பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்த அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை என்பதும், சொந்தத் தங்கைக்கே அவரால் வாக்களிக்க முடியவில்லை என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரியவந்தது. அந்தப் பின்னேரம் அவர் தன் வாழ்நாளில் முதல்முறையாக வாக்களித்திருந்தார்.