என் ஷாக்கப்சரைத் திருகியது யார்?

நான் பேசுவதை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை என்பது, எனக்கு ஷாக்கப்சர் வைத்த சைக்கிள் வந்த பிறகுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மந்தைவெளியில் வீடு, அடையாறில் பள்ளிக்கூடம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்த வழி முழுக்க டெலிபோன் கேபிளுக்காகத் தோண்டி, மூடியும் மூடாமலும் விட்டிருந்தார்கள். பையனின் முதுகு போய்விடும் என்று அப்பா கவலைப்பட்டார். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே ஒரு தடித்த ஸ்பிரிங் என்று ஒரு மலைச் சைக்கிளை வாங்கித் தந்தார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா, "மந்தைவெளியில மலை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். அப்பா பெல்லை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரமே எனக்கு வெறுத்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போட்டது. பிரேக் பிடித்தால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. மிதித்த மிதியில் பாதி ஸ்பிரிங்குக்கே போயிற்று. சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சீட்டை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு வெச்ச வண்டின்னா ஆடத்தான் செய்யும் நைனா. இன்னா கீது இதுல? நைசா குந்திக்கினு போ."

லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டு சைக்கிள் பத்திரிகைதான் என்னைக் காப்பாற்றியது. முன்பக்கக் குழாய்களின் உச்சியில் இருந்த குமிழ்கள் அழகுக்கு வைத்தவை அல்ல என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வலப்பக்கம் திருகினால் ஸ்பிரிங் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். ரொம்பத் தளர்ந்தால் உடம்புக்குச் சுகம், ஆனால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. ரொம்ப இறுகினால் பேச்சைக் கேட்கும், எலும்பை எண்ணிவிடும். ஓட்டுகிறவனின் எடைக்கு ஏற்ப, ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சமாக அமுங்கவேண்டும். எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கக் குழாயில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் போதும். வண்டி அமுங்கும்போது நூல் மேலே தள்ளப்பட்டு, அங்கேயே நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் இதற்கே போயிற்று. குழாயில் நூலைக் கட்டிவிட்டு, ஏறுவதும் இறங்குவதும் திருகுவதுமாக இருந்தேன். சாயங்காலம் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, வண்டி மூச்சு விடுவதுபோல் ஒருமுறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றாள். அம்மா உப்பு ஜாடியை எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வண்டி மறுபடியும் கவிழ்ந்து ஆடியது. குமிழ்கள் இரண்டும் தளர்ந்திருந்தன. சரிசெய்தேன். புதன்கிழமை மறுபடியும் அதே கதை. நூலைக் கீழே இறக்கிவிட்டு, அக்காவின் நகப்பூச்சை எடுத்துக் குமிழ்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அடுத்த நாள் காலையில் புள்ளி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், நூல் குழாயின் உச்சிக்கே போயிருந்தது. என் எடைக்கு அது பாதிகூட ஏறாது. என்னைவிடக் கனமான யாரோ என் வண்டியை ஓட்டியிருக்கிறார்கள்.

"உன் ஓட்டை சைக்கிளைத் தொடறதுதான் எனக்கு வேலையா? மொதல்ல என் நெயில்பாலிஷுக்கு பதில் சொல்லுடா" என்றாள் அக்கா. அப்பாவிடம் முறையிட்டேன். "வண்டின்னா நாலு நாள் ஓடினா தானா லூஸ் ஆகும்" என்றார். தானாக லூஸ் ஆகிற வண்டியில் நூல் எப்படி ஏறும் என்று கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் குமிழைப் பார்க்காமலே கிளம்பினேன். அடையாறு பாலத்தின் இறக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து சடாரென்று நின்றது. முன்பிரேக்கைப் பிடித்தேன். வண்டி ஒரேயடியாகத் தலையைக் கவிழ்த்தது, நான் கைப்பிடிக்கு மேலாகப் போய் ரோட்டில் விழுந்தேன். மோவாயில் தையல் போட்டார்கள். பின்னால் வந்த லாரி சமயத்துக்கு நின்றதை ஒரு பூக்காரம்மா அழுதுகொண்டே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம், இடம் மாறியிருந்த சிவப்புப் புள்ளியை நான் காட்டியதும், அப்பா அக்காவை எதிரே நிற்கவைத்தார். அவர் அப்படிக் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. "லாரி ஏறியிருந்தா என்னடி ஆகியிருக்கும்? விளையாட்டா உனக்கு?" அக்கா இல்லை, இல்லை என்று தேம்பினாள். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். ஈரக்கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அவளைத் திட்டாதீங்க. நான்தான் திருகினேன்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"ஸ்கூல்ல படிக்கறப்ப ஓட்டியிருக்கேன்."

"சொல்லவே இல்லையே?"

"யாரு கேட்டா?"

விடிகாலையில் பால் வாங்கப் போகும்போது எடுத்துப் போவாளாம். இறுக்கமாக இருந்தால் இடுப்பில் வலி எடுக்கிறதாம். "இவன்தான் அன்னைக்கு சொன்னானே, இடப்பக்கம் திருகினா சொகமா இருக்கும்னு. வந்ததும் பழையபடி திருகி வெச்சிடுவேன். சில நாள் அவசரத்துல மறந்துடும்." என் மோவாயில் இருந்த தையலைப் பார்த்தவள், ஈரக்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பால் பூத் தெருமுனையிலதானேம்மா இருக்கு! அதுக்கு எதுக்கு சைக்கிள்?"

"சாந்தோம் வரைக்கும் போவேன்டா. கடலைப் பாத்துட்டு, வர வழியில பாலை வாங்கிட்டு வந்துடுவேன்."

"அங்க என்ன வேலை?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்ல."

"புடவையோடயாம்மா?" என்றாள் அக்கா, அழுகையை நிறுத்திவிட்டு.

"இழுத்துச் சொருகிக்குவேன்."

அப்பா நல்ல மனிதர். அம்மாவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தினமும் பாலுக்காக அவள் விடிவதற்குமுன் எழுந்து அலைவதால்தான் இவ்வளவும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். மறுநாளே பால் போடும் ஆளைப் பார்த்து, பாக்கெட்டை வீட்டு வாசலிலேயே போட ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். "இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்" என்றார். அம்மா சரி என்றாள்.

பிரச்சினை தீர்ந்தது. என் வண்டி நான் வைத்தபடியே இருந்தது. ஒரே ஒரு தொந்தரவுதான் பாக்கி. கூடத்தில் படுத்திருக்கும் என்னை, விடிவதற்குள் வாசல் தாழ்ப்பாளின் சத்தம் எழுப்பிவிடும். கண்ணைத் திறந்தால், அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு வெறும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருப்பாள்.

"பால்காரன் வர இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு! போய்ப் படும்மா. தூக்கத்தைக் கெடுக்காதே" என்று எரிந்து விழுவேன்.

"நீ தூங்குடா" என்பாள். ஆனால் நகரமாட்டாள்.

பால்தான் வாசலுக்கே வந்துவிடுகிறதே, இன்னும் எதற்காக இவள் இந்த நேரத்துக்கு எழுந்திருக்கிறாள் என்று சலித்துக்கொண்டே போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன்.