ரூபவதி மூலை மடித்த அட்டை

கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபை. புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் அங்கே ஒரு தட்டு வரிசை வரிசையாகச் சுற்றி வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தனக்குச் சொன்னது என்று சனங்கள் நம்புவார்கள். லாட்டரி நம்பர் எடுப்பது பாவம் என்று பிரசங்கம் கேட்டுத் தலையாட்டிய அதே கைகள்தான், அந்தத் தட்டுக்குள் போகும்போது நடுங்கும்.

அந்த அட்டைகளை இருபத்திரண்டு வருஷமாகத் தயாரிப்பவள் ரூபவதி. பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் அவளுக்கு வேலை. டிசம்பர் வந்தால் வசனங்களைத் தட்டச்சு செய்து, கெட்டித் தாளில் அச்சடித்து, ஒவ்வொன்றாக வெட்டுவாள். பயமுறுத்தும் வசனம் எதையும் சேர்க்க மாட்டாள். அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகள் நெருப்பாகக் கக்கியிருந்தாலும் கிள்ளான் சபைக்கு வந்து சேர்வது பாலும் தேனும்தான். புருஷன் தங்கராஜ் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிப்பான்.

இந்த வருஷம் ரூபவதி செய்யக் கூடாததைச் செய்தாள். ஓர் அட்டையின் மூலையை லேசாக மடித்து வைத்தாள். எரேமியா தீர்க்கதரிசி எழுதிய வாக்கு அது. ஆண்டவர் தம் சனங்களுக்கு நினைத்திருப்பது தீமையல்ல, நன்மையே. அவர்கள் எதிர்பார்க்கும் முடிவைக் கொடுப்பார் என்று சொல்லும் வாக்கு. தட்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு விரலால் துழாவி அதையே எடுத்தாள். தனக்காக எடுக்கவில்லை, மகன் ஜீவனுக்காக எடுத்தாள்.

ஜீவனுக்கு இருபத்து நாலு வயது. போன ஆகஸ்டில் தாய்லாந்தில் ஆபீஸ் வேலை என்று கிளம்பிப் போனான். இரண்டே வாரத்தில், ஆற்றைத் தாண்டி பர்மா பக்கம் ஒரு முள்வேலிக் கட்டடத்துக்குள் தள்ளிவிட்டார்கள் என்று கிசுகிசுக் குரலில் போன் வந்தது. முகம் தெரியாதவர்களைப் போனில் பேசி ஏமாற்ற வேண்டும், மறுத்தால் கரண்ட் வைப்பார்கள் என்றான். அக்டோபரில் தான் இருக்கும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்து அம்மாவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் அடுத்த செய்தி வந்தது: யாரிடமும் காட்டாதே, தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். நவம்பரில் ஒன்பது விநாடிக் குரல் பதிவு ஒன்று.

"என் மோட்டார வித்துருங்கம்மா."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உயிரைக் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. மழை பெய்தால் தான் நனைந்துகொண்டு அதற்குப் பிளாஸ்டிக் போர்த்துகிறவன், அதை விற்கச் சொன்னான். அதன் அர்த்தம் தங்கராஜுக்குப் புரிந்தது. ரூபவதிக்கும் புரிந்தது, ஆனால் புரியாதவளைப் போலவே இருந்துகொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடத்தும் பிரதர் வாசுவிடம் யாரோ அவளை அழைத்துப் போனார்கள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "ஈஸ்டருக்கு முன்னால உங்க மகன் வாசல்ல நிப்பான் சிஸ்டர். கர்த்தர் காட்டுறாரு. போலிஸ், கவர்மெண்ட்னு மனுஷன் கைய நம்பி ஓடாதீங்க. ஓடினா காரியம் கெட்டுப்போகும்."

அட்டையும் வாசுவும் ஒன்றையே சொன்னதால் ரூபவதி கல்லாகிவிட்டாள். தங்கராஜ் கத்திப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். ஜீவன் அனுப்பிய எல்லாமே அவள் போனில் இருந்தது. அந்தப் போனை அவள் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள்.

மார்ச் முதல் வாரம் காப்பாரிலிருந்து பரமேஸ்வரன் என்பவர் வந்தார். அவருடைய அண்ணன் மகனும் அப்படி ஓரிடத்தில் மாட்டி, அடிபட்டுத் திரும்பியவன். அன்றிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் திரட்டி அதிகாரிகளிடம் கொடுப்பதே அவர் வேலையாகிவிட்டது.

"வெள்ளிக்கிழம லிஸ்ட் போகுது அக்கா. போலிஸ் ரிப்போர்ட் வேணும், பையன் இருக்கிற இடம் வேணும். இடம் தெரியாதவங்க பேரு அடியில போயிரும். அங்க ஆளுங்கள அடிக்கடி மாத்திடுறாங்க, லேட்டாக்காதீங்க லா."

"எம்மகன் ஈஸ்டருக்குள்ள வந்துருவான்," என்றாள் ரூபவதி.

கொடுத்த தேநீரைக் குடிக்காமலே பரமேஸ்வரன் எழுந்து போனார். தங்கராஜ் அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த அட்டையை உருவி எடுத்தான்.

"ரூபா, நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இத யாருக்குச் சொன்னாங்க?"

"பாபிலோனுக்குச் சிறை பிடிச்சுட்டுப் போன சனங்களுக்கு."

"சரி. அவங்க எப்ப வீடு திரும்பினாங்க?"

ரூபவதிக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அதே வசனத்தை நாலு பக்கமும் வெட்டி எடுத்தவள், வெட்டி விழுந்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வேதத்தை எடுத்துச் சமையற்கட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

அதற்கு முந்தின வசனத்திலேயே இருந்தது. எழுபது வருஷம். அந்த வாக்கைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்து மண்ணாகியிருப்பார்கள். அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எரேமியா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கும் முந்தின பக்கத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று கோயிலில் கூட்டத்துக்கு முன்னால் முழங்குகிறான். அப்படியே ஆகட்டும், எனக்கும் அதுதான் ஆசை என்கிறார் எரேமியா. ஆனால் அது நடக்கவில்லை. அந்த வருஷமே அனனியா செத்தான். பிரதர் வாசுவின் குரல் காதில் கேட்டது.

மூடிவைக்க மனமில்லாமல் இன்னும் சில பக்கம் புரட்டினாள். நகரத்தை எதிரி வளைத்துக்கொண்டிருக்கிறான். அது எரிந்துபோகும் என்று சொன்னதற்காகவே எரேமியாவைக் காவலில் போட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மனிதர் ஒரு நிலத்தை வாங்கி, கிரயப் பத்திரத்தை நெடுநாள் கெடாதபடி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த மண்ணில் திரும்பவும் நிலம் வாங்குவார்களாம். பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அழுகை வந்தது. ஈஸ்டர் என்று நாள் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது விசுவாசமே இல்லை, பயம். மகன் உயிரைத் தலையணைக்குள் பூட்டி வைத்த பயம்.

மறுநாள் காலை வாசுவுக்குப் போன் செய்து, போலிஸுக்குப் போவதாகச் சொன்னாள். சொல்லாமல் போக அவளுக்குத் தைரியமில்லை.

"போங்க சிஸ்டர்," என்றார் அவர், சாந்தமாக. "ஆனா அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ரத்தப்பழி உங்க தலைமேல."

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. போலிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டாள். தங்கராஜ் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். போனைத் திறந்து, ஜீவன் குறித்து அனுப்பிய இடத்தைக் காட்டினாள். ஒன்பது விநாடிக் குரலையும் போட்டுக் காட்டினாள். எழுதிக்கொண்டிருந்த போலிஸ்காரப் பெண் பேனாவை நிறுத்தி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பெயர் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பரமேஸ்வரன் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தை ஜனவரியிலேயே காலி செய்துவிட்டார்களாம். ஆட்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. தேடுகிறார்கள், பெயர் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். முன்னமே கொடுத்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ரூபவதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இனி சாகிறவரை சொல்லிக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் மோட்டார் மேலிருந்த பிளாஸ்டிக்கை விலக்கித் துடைத்தாள். ரோட் டேக்ஸ் அந்த வாரத்தோடு முடிகிறது. அவன் வந்து அவனே போடட்டும் என்று ஜனவரியில் அவளே தட்டிக் கழித்தது. மோட்டாரை விலைக்குக் கேட்டுப் பக்கத்து லோரோங் சந்திலிருந்து ஓர் ஆள் இரண்டு தடவை வந்து போயிருந்தான். அவனிடம் விற்பதற்கில்லை என்று சொல்லியனுப்பினாள்.

மறுநாள் கடைக்குப் போகிற வழியில் இன்சூரன்ஸ் கவுண்டரில் நின்றாள். அங்கே இருந்த பெண் மாதவி, சபையில் பார்த்த முகம்தான், ஆனால் விவரம் தெரியாதவள்.

"யாரு ஓட்டுற மோட்டார் ஆன்டி?"

"எம்மகன்."

"ரோட் டேக்ஸ் ஆறு மாசமா, ஒரு வருஷமா?"

ஈஸ்டருக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ரூபவதி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் போடும்மா," என்றாள். "அடுத்த வருஷமும் நான்தான் வருவேன்."