துர்காதேவியின் பூட்ஸ் சத்தம்

எங்கள் தெரு வேண்டாவின் மகள் துர்காதேவி. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு வலது கால் சூம்பிப்போனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். நடந்தால் தெருவுக்கே கேட்கும், கடக், கடக் என்று.

வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டோம். துர்காவும் ஓர் ஓலைப்பட்டாசு கொளுத்தியவள் இல்லை. ஆனாலும் மார்கழியில் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க ஏரிக்கு அழைத்துப்போகும்போது அவளை மட்டும் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். அவள் ஆறாவது படித்தபோது வேண்டா சண்டைக்கே போனாள். நானும் கூடப் போனேன்.

பார்த்தசாரதி வாத்தியார் நல்லவர்தான். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"பூட்ஸ் சத்தத்துக்குப் பறவை பறந்துடும்மா. புஸ்தகத்துல படம் இருக்கு, பாத்துக்கட்டும்" என்றார்.

"படத்துல பாக்கறதுக்கு இன்னாத்துக்கு சார் ஏரிக்கரைல வூடு?" என்றாள் வேண்டா.

அன்றைக்கே பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, பூட்ஸின் கம்பி, மூட்டு, அடி எல்லாவற்றிலும் சுற்றிக் கட்டினாள். சத்தம் போச்சு. வாத்தியார் அழைத்துப்போனார்.

அங்கே பறவை பார்க்கும் கோபுரத்துக்குச் செங்குத்தாகப் படி. "நீ கீழயே உக்காரு கண்ணு, பாத்துட்டு வந்து சொல்றோம்" என்று எல்லோரும் ஏறிவிட்டார்கள். கீழே புதர்தான் தெரிந்ததாம். கொஞ்ச நேரத்தில் மேலே, "டேய், அதோ நாரைடா! எம்மாம் பெருசு!" என்று ஒரே கூச்சல். மரத்தில் இருந்த பறவைகளெல்லாம் எழும்பிப் போய்விட்டன.

"அடுத்த வருசம் கத்தறவங்கள வுட்டுட்டு வாங்க சார்" என்றாளாம் துர்கா. வாத்தியார் சிரித்தாராம். சிரித்தவர் அடுத்த வருஷமும் அவளைத்தான் விட்டுப்போனார்.

இப்போது துர்காவே டீச்சர். அவள் வகுப்பில் இனியன் என்ற பையனுக்குச் சக்கர நாற்காலி. கோபுரத்துக்குச் சரிவாக ஒரு பாதை போடுங்கள் என்று துர்கா கேட்காத ஆள் இல்லை. கேட்டவள் வாய்தான் வலித்தது. அதனால் பறவை பார்க்கப் போனால் ஏரி மதகுக்குப் பக்கத்தில், புதர் இல்லாத மேட்டில் மொத்த வகுப்பையும் உட்கார வைக்கிறாள். அங்கிருந்து பறவை எள்ளு மாதிரிதான் தெரியும்.

"மேல போனா நல்லா தெரியும் டீச்சர்" என்று பிள்ளைகள் முணுமுணுக்கும்.

"தெரியும். உக்காரு" என்பாள்.