ஓரிரு இடங்களில் கனமழை

கிராம உதவியாளர் வேலைக்கு வருமுன் ஏஞ்சல் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாள். அங்கேயே நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கி, எப்போதாவது ஊருக்கு வந்துபோவாள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் சொந்த ஊரிலேயே அரசாங்க வேலை கிடைத்தபோது, இனி நிம்மதி என்று கணவன் பென்னியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வேலையில் மழை அவளை எப்படிப் படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் குறுக்கே கைப்பிடிச் சுவரில்லாத தரைப்பாலம். வருஷத்தில் பாதி நாள் ஓடையில் வெறும் மணல்தான். ஆனால் ஆந்திரா எல்லை மலையில் கோடை இடிமழை கொட்டினால், இங்கே ஒரு சொட்டு விழாதபோதே வெள்ளம் பாய்ந்து வந்துவிடும். எச்சரிக்கை வந்ததும் பாலத்தை மூடி, அங்கேயே காவல் நிற்பது ஏஞ்சலின் பொறுப்பு.

எச்சரிக்கையோ, 'திருவள்ளூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய கனமழை' என்றுதான் வரும். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை கிடக்கிற மாவட்டத்தில் அந்த ஓரிரு இடம் எது என்று யாருக்குத் தெரியும்? மாவட்டத்தின் மறுகோடியில், கவரைப்பேட்டையில் கொட்டித் தீர்த்த மழைக்கு இவள் இங்கே மண்டை காயப் பாலத்தைக் காத்த நாட்கள் உண்டு. ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களைச் சுற்றுவழியில் அனுப்பிவிட்டாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் கழிந்துவிட்டது. மழையும் இல்லை. "இன்னா ஏஞ்சலு, மழைய எங்க ஒளிச்சி வெச்சிகினு கீற?" என்று ஊரே கேலி பேசியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள்.

இந்த மே மாதத்தில் ஒரு பிற்பகல், கிராம நிர்வாக அலுவலர் மோகன்ராஜ் போன் செய்தார். "மலைப் பக்கம் ரேடார்ல செக்கச்செவேல்னு காட்டுதாம்மா. பாலத்த மூடிடு."

ஏஞ்சல் பேரிகேடை இழுத்துப் போட்டாள். ஓடையில் மேய்ந்த ஆடுகளை ஓட்டிப்போகச் சொன்னாள். அதற்குள் நெல் மூட்டைகள் ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் பச்சையப்பன். ஊரில் நிறைய நிலம் உள்ளவர். ஏஞ்சலின் அப்பா தாவீது அவர் கழனியில் கூலிக்கு உழைத்தவர், பழைய பண்ணையாள் வழக்கப்படி கடைசிவரை அவரை 'ஆண்டே' என்றே கூப்பிட்டவர். ஏஞ்சல் 'சார்' என்பாள்.

"எடு அத. நான் போவணும்."

"மலைல பெருமழையாம் சார். தண்ணி எப்ப வேணா வந்துடும்."

"என் போனுக்கும்தான் சேதி வந்துச்சு. அதனாலதான் ஓடியாறேன். சுத்திப்போனா வழியிலயே மழ புடிச்சிக்கும். மழைக்கு முன்ன அந்தாண்ட கொள்முதல் கொட்டாய்ல சேக்கலன்னா மொத்த நெல்லும் நனஞ்சி மொளச்சிடும். ஓடையப் பாரு, காஞ்சி கெடக்குது."

அவர் சொன்னது பொய்யில்லை. நான்கு மாதப் பாடு அந்த வண்டியில் இருந்தது. ஏஞ்சல் நகரவில்லை.

"தாவீது பொண்ணு என்னை வழிமறிக்கிறியா?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அதுவே அவளைக் குத்தியது.

"தாவீது பொண்ணுதான் சார். நான் உட்டு, நடுப்பாலத்துல வண்டிய தண்ணி தூக்கிச்சின்னா, உங்க ஊட்டுல போய் நான்தான் சொல்லணும்."

மேற்கே மலை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது. குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது.

"காலனில எங்க சர்ச்சு கீது. தளம் போட்ட கட்டடம், ஒழுகாது. அங்க எறக்கி வையுங்க. ஆளுங்கள நான் வரச் சொல்றேன்."

பச்சையப்பன் காலனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோதுகூடக் காலனி முனையோடு நின்றுகொண்டவர் அவர். முதல் தூறல் சாக்குகளின் மேல் விழுந்தது. டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தான்.

"திருப்பு" என்றார்.

ஏஞ்சல் பென்னிக்குப் போன் போட்டாள். அவனும் பக்கத்து வீட்டு ஆட்களும் சர்ச் பெஞ்சுகளை ஓரம் தள்ளி மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். பாலத்தருகே அவள் மட்டும் மழையில் நின்றாள். இடி காதைப் பிளந்தது. பிறகு இன்னொரு சத்தம், பாரம் ஏற்றிய லாரிகள் சேர்ந்து வருவதைப் போல. செந்நிறத் தண்ணீர் முள்மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்து பாலத்தின் மேல் ஏறியது. பேரிகேடு ஒரு தடவை சுழன்று காணாமல் போனது. ஏஞ்சல் மேட்டுக்கு ஓடினாள்.

மழை விட்டபின் சர்ச்சுக்குப் போனாள். பச்சையப்பன் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மூட்டைகள் கூரையைத் தொட்டன.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சி சார். பேரிகேட அடிச்சிகினு பூட்ச்சி."

 ஏஞ்சலின் அம்மா சின்னப்பொண்ணு டீயோடு வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். அவர் கையை நீட்டினார்.

"சக்கர போட்டுகீறியா? எனக்கு சுகரு."

சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போய் வேறு டீ போட்டு வந்தாள். அவர் குடித்தார்.

சில மூட்டைகளின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. வெள்ளத்தில் அரித்துப்போன பாலம் சரியாகும்வரை நெல் அங்கேயே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

ஜூனில் மறுபடி எச்சரிக்கை வந்தது. ஏஞ்சல் பாலத்தை மூடினாள். மாலைவரை ஒரு சொட்டு விழவில்லை. ஜனங்கள் திட்டினார்கள். பைக்கில் வந்த பச்சையப்பனும், "பேஜாரு புடிச்ச வேலம்மா உன்னுது" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைச் சுற்றுவழியில் திருப்பினார்.