மூடிய வடிகாலும் வெட்டிய வரப்பும்

மூன்று வருடங்களுக்கு முன், தஞ்சாவூருக்கு வெளியே நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புது நகரில் நடந்தது இது. கும்பகோணத்தில் கடைத்தெருச் சந்து ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் வாசலில் கால் வைத்தால் பைக் ஏறிவிடும். அதனால், இங்கே பூங்கா இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மனை வாங்கினோம். சறுக்கு மரம், ஊஞ்சல், நடைபாதை எல்லாம் இருந்தன. குறுக்கே ஒரு பள்ளம் மட்டும் ஓடியது. இரண்டடி ஆழம் இருக்கும். வறண்டு, முள் மண்டிக் கிடந்தது.

எனக்கு வாய் அதிகம். அதனாலேயே குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வந்த வேகத்தில் இரண்டு வேலை செய்தேன். பூங்காவைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பினேன். பள்ளத்தில் மண்ணடித்து, மேலே சிமென்ட் போட்டு, பிள்ளைகளுக்கு இறகுப்பந்து மைதானம் ஆக்க ஏற்பாடு செய்தேன்.

ஜேசிபி வந்த அன்று பக்கத்து வயல்காரம்மா வந்தார். குத்தகைக்கு நெல் போடுபவர். அவருடைய ஆடுகள் பூங்காவுக்குள் வருவதால் எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது.

"யம்மா, இது வடிகாலு. மூடாதீங்க."

"தண்ணியே இல்ல, என்ன வடிகாலு?"

"ஐப்பசில வந்து கேளுங்க, சொல்றேன்."

"ஆடு மேய்க்க இடம் போச்சேன்னு பேசுற. போம்மா, வேலையப் பாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பூங்கா குளமாகக் கிடந்தது. சறுக்கு மரத்தின் கீழ்ப்பாதி முங்கியிருந்தது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கழிவுத் தொட்டி நிறைந்து, அந்தத் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைக் கட்டில் மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் மின்சார மெயினை அணைத்தார். மண்ணடித்த இடத்தைத் திரும்பத் தோண்டலாம் என்றால், அந்தத் தண்ணீருக்குள் ஜேசிபி வர ஆள் இல்லை.

நான் பூங்காவின் பின்பக்கச் சுவருக்குப் போனேன். அந்தப் பக்கம் அந்த அம்மா தன் வரப்பின் மேல் மண்வெட்டியோடு நின்றார். நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர். எங்கள் பக்கத்துத் தண்ணீர் வயலுக்குள் வந்துவிடாமல் வரப்பை உயர்த்துகிறார் என்றுதான் நினைத்தேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"வரப்ப ஒசத்தாதம்மா, உள்ள புள்ளைங்க இருக்கு" என்று கத்தினேன்.

"நல்லாப் பாருங்க, ஒசத்தவா செய்றேன்?"

பார்த்தேன். அவர் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என் வயல் வழியா விட்டா அந்தாண்ட வாய்க்கால்ல போய் விழுந்துடும். ஆனா ஒங்க செவுத்த இடிக்கணும். இடிப்பீங்களா, சங்கத்தக் கூட்டிப் பேசுவீங்களா?"

வீட்டுக்கு ஓடிப்போய்க் கடப்பாறை எடுத்து வந்தேன். நான் கட்டச் சொன்ன சுவரை நானே இடித்தேன். தண்ணீர் பாய்ந்தது. பச்சை நாற்று வரிசை வரிசையாகச் சாய்ந்து சேற்றுக்குள் போனது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெண்டு மா போவும். நாத்து மிச்சம் இருக்கு, நட்டுக்கலாம்" என்றார். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதட்டலாகத்தான் கேட்க வந்தது.

"முன்ன ஒரு தடவ எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துருக்கு. புள்ளைங்கள வச்சிக்கிட்டு நின்னுருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் எங்கள் கூடம் வடிந்துவிட்டது.

மழை விட்டதும் கூட்டம் போட்டார்கள். மைதானத்தை எடுக்கக் கூடாது, மோட்டார் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நாலு பேர் பேசினார்கள். "போன வாரம் உங்க வீட்டு நாத்தத்துல மூக்கப் பொத்திக்கிட்டு நின்னீங்களே, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். மைதானத்தில் பாதியை உடைத்து வடிகாலைத் திரும்ப வெட்டி, பிள்ளைகள் கடக்க மேலே ஒரு சின்னப் பாலம் போட்டோம். அந்த இரண்டு மா நிலத்தில் நடவு செய்ய நகரிலிருந்து ஐந்து பெண்கள் போனோம். நாங்கள் நட்டதையெல்லாம் அந்த அம்மா பின்னாலேயே வந்து பிடுங்கித் திரும்ப நட்டார். "நீங்க வரப்புல ஒக்காந்து பேசிக்கிட்டு இருங்க, அதான் ஒதவி" என்றார்.

இப்போது எங்கள் பூங்கா நன்றாக இருக்கிறது. புரட்டாசி கடைசியில் நானே இறங்கி வடிகாலில் முள் வெட்டுகிறேன். ஆடுகள் வருகின்றன, சத்தம் போடத்தான் செய்கிறேன். என் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் யாரையாவது பார்த்து, 'இவள் இதைத்தான் செய்ய வந்திருக்கிறாள்' என்று முடிவு கட்டும்போதெல்லாம், அது அவளுடைய புத்தியா, இல்லை என்னுடைய புத்தியா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.